தேடற் பாதை: சில்லறைக் காரியமா?

வெருகலாற்றின் குறுக்கே பாலம் அமைவதற்கு முன்னர், மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குச் செல்லும் வாகனங்கள் யாவும் ஆற்றங்கரையில் நின்று மிதவையில் ஏறியே மறுகரை சேர்ந்தன. அம்மிதவையைக் கீழ்க்கரை மக்கள் ‘பாதை’ என்றே வழங்குவர். ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்றால் ‘காத்திரு’ என்பது பொருள். தெரு இருந்தது; ஆறும் இருந்தது; ஊரும் அக்கரையில் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் பாதை இக்கரைக்கு வராதவரையில் போக்குவரத்து இல்லை. சிறுவயதில் அக்கரையில் நின்று காத்திருந்து பழகிய எனக்கு, பிற்காலத்தில் கணினித் துறையில் ‘தேடற் பாதை’ என்னும் தொடரைக் கண்டபோது அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொகுப்பான் ஒரு நிரலைத் தொகுக்கும்போது, தனக்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளை எந்தெந்த அடைவுகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதனை வரையறுப்பதே தேடற் பாதை. இதனை ஒழுங்காக அமைக்கும் பழக்கம் நம் மாணவரிடையே இல்லை. கற்பிக்கும் பழக்கம் நம் விரிவுரையாளரிடையே இல்லை. இல்லாமை குறித்து நாணும் பழக்கம் எவரிடத்தும் இல்லை. ‘இது சில்லறைக் காரியம்’ என்பதே எங்கும் கேட்கும் விடை. அவ்விடையை மறுப்பதற்கே இக்கட்டுரை எழுந்தது. தமிழ்ச் சங்க மலரில் இப்பொருளுக்கு இடமேது என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. தமிழ் எழுத்துச் சிதைந்துபோன ஒரு நிகழ்ச்சியிலிருந்தே என் வழக்குத் தொடங்குகின்றது.

பாயிரமும் தலைப்புக் கோப்பும்

கணினி பயிலாத வாசகர் பொருட்டுச் சில சொற்கள். ஒரு நூலுக்குப் பாயிரம் எத்துணை இன்றியமையாதது என்பதனை நன்னூல் பயின்றோர் அறிவர். ஆக்கியோன் யார், நூல் நுதலிய பொருள் யாது, கேட்போர் யார் என்பனவற்றைப் பாயிரம் முன்கூட்டியே அறிவிக்கின்றது. சீ மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலகத்துக்குத் தலைப்புக் கோப்பு ஏறத்தாழ அத்தகையதே. இந்நூலகத்தில் இன்னின்ன செயற்பாடுகள் உள்ளன, அவை இன்னின்ன உள்ளீடுகளைக் கொள்ளும், இன்னின்ன தரவு வகைகள் இத்துணை பைட்டு அளவின என்று அது கூறுகின்றது. ஒரு நிரல் ‘இப்பாயிரத்தை இங்கே உள்ளடக்குக’ என்று ஓர் ஏவல் எழுதினால், தொகுப்பின் முதற்கட்டத்திலேயே அக்கோப்பின் வரிகள் யாவும் அவ்விடத்தில் வந்து படிகின்றன.

இங்கேதான் இடர் தொடங்குகின்றது. நிரல் கூறுவது பெரும்பாலும் கோப்பின் பெயரை மட்டுமே. அப்பெயருடைய கோப்பு ஒரே கணினியில் நான்கு இடங்களில் இருத்தல் கூடும். தொகுப்பான் தனக்குத் தரப்பட்ட வரிசையிலே தேடி, முதலில் அகப்பட்டதனை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். அகப்பட்டது உரியதுதானா என்று அது வினவாது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இவ்விடரை நன்கு அறிந்திருந்தனர். ஒரே நூலின் பெயரைத் தாங்கிய சுவடிகள் ஊருக்கு ஒன்றாகக் கிடைத்தன. பாடம் ஊருக்கு ஒன்றாக வேறுபட்டது. 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். கைக்கு முதலில் அகப்பட்ட ஏட்டை அச்சுக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. ஏடுகளை ஒப்புநோக்கினர், எது எங்கிருந்து பெறப்பட்டது என்பதில் கருத்தாக இருந்தனர். சரியாக நூறாண்டு கழித்து 1987இல் முதன்முதலாக வெளிவந்த ஜி.சி.சி. தொகுப்பானை நாம் நாள்தோறும் பயன்படுத்துகின்றோம். ஆனால் எந்த ஏட்டிலிருந்து எந்தப் பாடம் வந்தது என்னும் வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கல்வி நிலையத்தின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக உருவான மென்பொருள் ஒன்று என் கைக்கு வந்தது. நிலையத்தின் பெயர் இங்கு வேண்டாம். அக்குற்றம் ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதன்று. ஒருங்குறியில் அமைந்த தமிழ்ச் சொற்களைப் படமாக வரைந்து தருவதே அதன் பணி. பாடசாலைப் பெயர்ப்பலகைக்கும் கோயில் விழா அறிவித்தலுக்கும் பயன்படும் எளிய கருவி. எழுத்துரு வடிவங்களை வரைவதற்கு ஃபிரீடைப் நூலகத்தையும், தமிழ் எழுத்துகளை முறைப்படி கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தையும் அது துணைக்கொண்டிருந்தது. ஆக்கிய இளைஞர் விண்டோஸ் கணினியில் மைக்ரோசொஃப்ட் தொகுப்பானைக் கொண்டு அதனைச் செய்திருந்தார். நல்ல புள்ளி பெற்றார், பட்டமும் பெற்றார், வெளிநாடு சென்றார். அவருடைய மடிக்கணினியும் அவருடன் சென்றது.

விடுமுறைக்கு வெருகலுக்குச் சென்றபோது லினக்ஸ் நிறுவிய என் பழைய மடிக்கணினியில் அதனைத் தொகுக்க முற்பட்டேன். கட்டமைப்புக் கோப்பைத் திறந்தால், தலைப்புக் கோப்புகளின் இருப்பிடமாகப் பன்னிரண்டு முகவரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வட்டின் வேரிலிருந்து தொடங்கி, அவ்விளைஞரின் வீட்டுப் பெயர் வழியாக, மேசைத்தளம் வழியாக, ‘புதிய கோப்புறை இரண்டு’ வரை சென்றது. அம்முகவரிகள் உலகில் ஒரே ஒரு கணினிக்கே பொருந்துவன. அக்கணினியோ கடல் கடந்துவிட்டது.

இரண்டு நாள் முயன்று முகவரிகள் யாவற்றையும் மாற்றினேன். பிழைச்செய்தி ஒன்றும் இன்றித் தொகுப்பு நிறைவேறியது. மகிழ்ச்சியோடு என் ஊரின் பெயரை எழுதுமாறு பணித்தேன். ‘வெருகல்’ என்பதில் வகரம் முன்னே வந்து நின்றது. கொம்பு அதற்குப் பின்னே வந்து அடுத்த எழுத்தைப் பற்றிக்கொண்டது. ரகரமும் உகரக் குறியும் ஒட்டாமல் தனித்தனியே நின்றன. தொகுப்பான் ‘யாவும் நலம்’ என்றது. திரையிலே என் ஊரின் பெயர் உடைந்து கிடந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்றாம் நாள் முழுவதும் சென்றது. அம்மென்பொருளின் அமைப்புத் தெரிவுகள் யாவும் ‘கொன்ஃபிக்’ என்னும் பெயருடைய தலைப்புக் கோப்பில் இருந்தன. ‘ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துக’ என்னும் வரியும் அதனுள்ளேயே இருந்தது. அக்கோப்பு மூல அடைவில் இருந்தது. அதனை உள்ளடக்குமாறு கேட்ட வேறொரு தலைப்புக் கோப்போ ஒரு படி கீழே, உள்ளடைவில் இருந்தது. மேற்கோட்குறிக்குள் பெயர் தரப்பட்டால், மைக்ரோசொஃப்ட் தொகுப்பான் முதலில் கேட்ட கோப்பின் அடைவில் தேடும். அங்கு இல்லையேல், அக்கோப்பைத் தன்னுள் அடக்கிய தாய்க்கோப்பின் அடைவிலும் தேடும். ஆகவே இளைஞரின் கணினியில் உரிய கோப்பு அகப்பட்டது. ஜி.சி.சி. அவ்வாறு செய்வதில்லை. கேட்ட கோப்பின் அடைவில் தேடிய பின்னர், தாயை நாடாமல், கட்டளை வரியில் தரப்பட்ட அடைவுகளை இடமிருந்து வலமாக நாடும். அவ்வடைவுகளுள் முதலாவது பிறிதொரு நூலகத்தின் மூல அடைவு. அங்கும் ‘கொன்ஃபிக்’ என்று ஒரு கோப்பு இருந்தது. அதனைத் தொகுப்பான் எடுத்துக்கொண்டது. ஹார்ஃப்பஸ் பற்றிய வரி அதனுள் இல்லாமையால், தமிழ் எழுத்தைக் கோக்கும் பகுதி முழுவதும் ஓசையின்றி விடுபட்டுப்போயிற்று.

பிழைச்செய்தி வந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் திருத்தியிருக்கலாம். தேடற் பாதையின் கொடுமை அது தவறும்போது பல வேளைகளில் வாய் திறவாமையே ஆகும்.

இரு தொகுப்பான்களும் குற்றமற்றவை

இவ்விரு தொகுப்பான்களுள் எது பிழை செய்தது என்று கேட்டால், எதுவும் இல்லை என்பதே விடை. 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ மொழிக்கு 1989ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரநிர்ணயம் வகுக்கப்பட்டது. மேற்கோட்குறிக்குள் தரப்பட்ட பெயருக்கும் கூர் அடைப்புக்குள் தரப்பட்ட பெயருக்கும் வேறுபாடு உண்டு என்று கூறிய அத்தரம், எவ்வெவ்விடங்களில் தேடுவது என்பதனைத் தொகுப்பானை ஆக்குவோரின் முடிவுக்கே விட்டுவிட்டது. வட்டும் அடைவும் இல்லாத பொறிகளிலும் மொழி இயங்க வேண்டும் என்பதால், விட்டதில் நியாயமும் உண்டு.

தரம் மௌனம் சாதிக்கும் இடத்தில் எழுதுபவன் பேச வேண்டும். ஜி.சி.சி.யில் அவன் பேசுவதற்கு வழிகள் பல உள்ளன. ‘ஐகோட்’ என்னும் தெரிவு மேற்கோட்குறிப் பெயர்களுக்கு மட்டும் உரிய அடைவுகளைக் குறிக்கும். ‘ஐ’ என்னும் தெரிவு இருவகைப் பெயர்களுக்கும் பொது. ‘ஐசிஸ்டம்’ தருவன அதற்குப் பின்னர்த் தேடப்படும். அவற்றிலுள்ள கோப்புகள் பிறருடையன எனக் கொள்ளப்பட்டு, அவைபற்றிய எச்சரிக்கைகள் அடக்கப்படும். அதன் பின்னரே முறைமையின் வழமையான அடைவுகள் வரும். இவ்வரிசையை அறிந்தவன் ஒரு பொருளை எங்கு வைக்க வேண்டும் என்று சிந்திப்பான். அறியாதவன் யாவற்றையும் ‘ஐ’ என்பதன் கீழ்க் குவித்து, தொகுப்பான் ஏசாதவரையில் நன்று என்று இருப்பான்.

அறிந்தோரும் இடறும் இடங்கள் உண்டு. 2016இல் ஜி.சி.சி. ஆறாம் பதிப்பு வெளிவந்தபோது, முறைமையின் வழமையான தலைப்பு அடைவையே ‘ஐசிஸ்டம்’ வழியாக மீண்டும் கொடுத்திருந்த பல மென்பொருள்கள் தொகுபடாது நின்றன. சீ++ நூலகத்தின் கோப்புகள் ‘வரிசையில் எனக்கு அடுத்ததாக உள்ளதனை எடு’ என்னும் ஏவலைப் பயன்படுத்துகின்றன. இவர்கள் வரிசையைக் குலைத்தமையால் அடுத்தது என்று ஒன்று இல்லாமற் போயிற்று. முன்னே நின்றதைப் பின்னே நிறுத்தவும் பின்னே நின்றதை முன்னே நிறுத்தவும் எவரும் கேட்டிலர். தாமாகவே செய்து தாமாகவே கெட்டனர்.

எதிர்வாதங்கள்

இனி, இதனைச் சில்லறைக் காரியம் என்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

‘எல்லோரும் ஒரே பணிசெயல் முறைமையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை இல்லையே’ என்பது முதல் வாதம். யார் எல்லோரும்? ஆய்வுகூடத்தில் லினக்ஸ், அலுவலகத்தில் விண்டோஸ், கையிலுள்ள தொலைபேசியிலோ பெரும்பாலும் அண்ட்ரொய்ட், அதுவும் ஆர்ம் வகைச் செயலியின் மீது. தமிழ் வாசகன் எந்தக் கருவியில் வாசிக்க வேண்டும் என்று கட்டளையிட நமக்கு அதிகாரம் இல்லை. ஒரே முறைமைக்குள்ளும் முகவரிகள் நிலைப்பதில்லை. டெபியன் லினக்ஸ் 2013ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் பல்வகைச் செயலிகளுக்கான நூலகங்களை ஒரே கணினியில் வைக்கும் பொருட்டுச் செயலியின் பெயரால் தனி அடைவுகளை அமைத்தது. அப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட மொஹாவி பதிப்பிலிருந்து, யூனிக்ஸ் மரபில் வந்த பழைய தலைப்பு அடைவில் கோப்புகளை வழமையாக நிறுவும் பழக்கத்தை விட்டுவிட்டது. அவை இன்று மேம்பாட்டுத் தொகுதியின் உள்ளே வாழ்கின்றன. 2020இல் தொடங்கி அதே நிறுவனம் தன் கணினிகளின் செயலியை மாற்றியபோது, அவற்றில் பலரும் பயன்படுத்தும் ஹோம்புறூ தன் இருப்பிடத்தையும் மாற்றிக்கொண்டது. முகவரியைக் கல்லிலே வெட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் கல்லை உடைக்க வேண்டியதாயிற்று.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதமும் ஈண்டு நோக்கத்தக்கது. விண்டோஸ் கோப்புப் பெயர்களில் அப்பேதத்தைப் பொதுவாகப் பாராட்டுவதில்லை; லினக்ஸ் பாராட்டும். ‘விண்டோஸ்’ என்னும் தலைப்புக் கோப்பின் பெயரை முதலெழுத்துப் பெரிதாக எழுதிய நிரல் விண்டோஸ் கணினியில் தொகுபடும்; லினக்ஸில் இருந்துகொண்டு மிங்குடபிள்யூ கருவிகளால் விண்டோஸுக்காகத் தொகுத்தால், அங்குக் கோப்பின் பெயர் சிறிய எழுத்தில் இருப்பதால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற விடையே கிடைக்கும். தமிழ் எழுத்தில் இப்பேதமே இல்லாமையால், நம்மவர் கண்ணுக்கு இப்பிழை எளிதில் புலப்படுவதில்லை போலும்.

‘சூழல் மாறியில் எழுதிவிட்டால் போதும்’ என்பது இரண்டாம் வாதம். ஜி.சி.சி. ‘சீபாத்’ என்னும் சூழல் மாறியை நோக்கும். மைக்ரோசொஃப்ட் தொகுப்பான் ‘இன்குளூட்’ என்னும் மாறியை நோக்கும். முன்னையதில் லினக்ஸ் முகவரிகளை முக்காற்புள்ளியால் பிரிக்கும். பின்னையது அரைப்புள்ளியால் பிரிக்கும். முன்னையதில் தவறுதலாக ஒரு முக்காற்புள்ளி மிகுந்தால், வெற்றிடம் நடப்பு அடைவையே குறிப்பதாகக் கொள்ளப்பட்டு, நீர் எங்கு நிற்கின்றீரோ அங்குள்ள கோப்பெல்லாம் வரிசையில் புகுந்துவிடும். இவை சிறு இடர்கள். பேரிடர் யாதெனில், அம்மாறி நிரலோடு பயணம் செய்வதில்லை என்பதே. அஃது எழுதியவரின் கணினியில் தங்கிவிடும், அவருக்கே மறந்துபோகும்.

இத்தகைய மறதியின் விளைவைத் தமிழர் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துள்ளனர். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றியதனை இலங்கையில் அறியாதவர் யார்? ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்து. மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டில் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டதும், அக்காலத்திலேயே திஸ்கி பரவியதும், ஈற்றில் ஒருங்குறி நிலைபெற்றதும் வரலாறு. அவ்வலைச்சல் முழுவதற்கும் வேர் ஒன்றே: ஆவணம் தனக்கு வேண்டியதனைத் தானே சொல்லாமல், வாசிப்பவனின் கணினியில் அஃது இருக்கும் என்று நம்பியது. எழுத்தில் அந்நோயைக் குணப்படுத்த நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதே நோயை நிரற் கட்டமைப்பில் நாமே வளர்ப்பது அறிவுடைமையாகுமா?

‘தலைப்புக் கோப்புகளையெல்லாம் முறைமை அடைவிலேயே பிரதி செய்துவிடலாம்’ என்பது மூன்றாம் வாதம். தன் வீட்டுப் பொருளைச் சந்தையில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒப்பானது இது. முறைமை புதுப்பிக்கப்படும்போது அது மேலெழுதப்படலாம். அன்றேல், அதே பெயரைத் தேடிவரும் பிற நிரல்கள் இப்பழைய பிரதியை எடுத்துக்கொண்டு, புதிய நூலகத்தோடு இணைந்து, இயங்கும் வேளையில் நிலைகுலையலாம். ஒருவரின் சோம்பல் அவர் கணினியிலுள்ள எல்லா நிரல்களுக்கும் தண்டனையாகின்றது.

‘கொள்கலத்தில் அடைத்துக் கொடுத்துவிடலாமே’ என்பது நான்காம் வாதம். இக்காலத்து வாதம் ஆதலால் இதனை மதிப்புடன் நோக்க வேண்டும். 2013இல் டொக்கர் வெளிவந்ததன் பின்னர், நிரலோடு அதன் சூழல் முழுவதனையும் ஒரு பெட்டியில் அடைத்து அனுப்புதல் இலகுவாயிற்று. தூய சூழலில் தொகுபடுகின்றதா என்று சோதிப்பதற்கு இதனினும் நல்ல கருவி இல்லை. அவ்வளவில் நானும் அதன் அன்பனே. ஆனால் பிழையைப் பெட்டியில் அடைத்தால் பிழை நீங்குவதில்லை; உறைந்துகிடக்கின்றது. அப்பெட்டிக்குள் தொகுபடும் நிரல் நாளை தொலைபேசிக்கு வேண்டும் என்றால், மீண்டும் தேடற் பாதையின் முன்னேதான் வந்து நிற்க வேண்டும். மேலும், பெட்டியின் கனத்தைச் சுமப்பவர் யார்? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் தடைப்பட்டது. அந்நாள்களில் மின்கலத்தின் மிச்சத்தில் ஒரு சிறு கருவியைத் தொகுக்க முயன்ற கிராமத்து மாணவனிடம், ‘முதலில் இரண்டு மூன்று கிகாபைட்டு இறக்கிக்கொள்’ என்று சொல்வது அறிவுரையாகாது.

தமிழுக்கு இதனாலாகும் கேடு

‘இவை எல்லா மொழியினர்க்கும் பொதுவான இடர்கள்தாமே, தமிழை ஏன் இழுக்கின்றீர்?’ என்று கேட்கலாம். ஆங்கில எழுத்தை மட்டும் திரையில் காட்டும் நிரல், கோக்கும் நூலகம் இன்றியே பெரும்பாலும் காலம் தள்ளிவிடும். தமிழ் அவ்வாறு தள்ள முடியாது. கொம்பு முன்னே செல்ல வேண்டும். ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிற்க வேண்டும். உகர ஊகாரங்கள் மெய்யோடு ஒட்டி உருமாற வேண்டும். இவற்றைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்களை நாடாமல் தமிழ் மென்பொருள் இல்லை. அண்ட்ரொய்ட், ஃபயர்ஃபொக்ஸ், லிபரொஃபிஸ் ஆகியன யாவும் அதனையே பயன்படுத்துகின்றன.

அந்நூலகங்களின் தலைப்புக் கோப்புகள் இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஹார்ஃப்பஸ் தன் பெயராலான உள்ளடைவில் இருக்கின்றது. ஃபிரீடைப் தன் பெயரோடு இரண்டு என்னும் எண்ணைச் சேர்த்த உள்ளடைவில் இருக்கின்றது. லினக்ஸ் உலகில் பங்கோ போன்ற உரையமைப்பு நூலகங்களுக்கு அடித்தளமான ஜிலிப் நூலகமோ தன் கோப்புகளை இரண்டு இடங்களில் வைத்துள்ளது: பொதுவானவை தலைப்பு அடைவின் கீழ், செயலிக்கேற்ப மாறும் அளவுகளைக் கூறும் ஒரு கோப்பு மட்டும் நூலக அடைவின் கீழ். முகவரியைக் கையால் எழுதுபவர் முதலாவதை எழுதி இரண்டாவதை மறப்பது வழமை.

அவ்விரண்டாவது கோப்பு அங்கு இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அறுபத்து நான்கு துகள் லினக்ஸில் ‘லோங்’ என்னும் முழுவெண் எட்டு பைட்டு. அதே அகலமுள்ள விண்டோஸில் நான்கு. முப்பத்திரண்டு துகள் ஆர்ம் லினக்ஸிலும் நான்கு. ஒரு சிறு கணினிக்காக வேறொரு பெருங்கணினியில் இருந்து குறுக்குத் தொகுப்புச் செய்யும்போது, தேடற் பாதையில் பெருங்கணினியின் அடைவு ஒன்று கசிந்துவிட்டால், அளவு தவறிய நிரல் ஒன்று பிறக்கும். அதன் நோய் அன்றே வெளிப்படும் என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே, ஆங்கில மென்பொருள் எழுதுவோன் தேடற் பாதையில் காட்டும் அலட்சியத்தால் அவனுக்கு நேரும் இழப்பினும், தமிழ் மென்பொருள் எழுதுவோனுக்கு நேரும் இழப்பு மிகுதி. தமிழுக்கு எழுதுவோர் சிலர். ஊதியம் பெற்று எழுதுவோர் அவருள்ளும் சிலர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்க வேண்டும். மூல நிரல் கையில் இருந்தும் தொகுக்க முடியாதாயின், அது பூட்டிய பெட்டகத்தில் கிடக்கும் ஏட்டுக்கு ஒப்பாகும்.

பெயரால் கேட்க

இதற்குத் தீர்வு இல்லையா? உண்டு, பலகாலமாக உண்டு. முகவரியைக் கூறாமல் பெயரைக் கூறிக் கேட்பதே அது.

2006ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்து வெருகலைக் கடந்து வாகரைப் பக்கம் சென்றனர். உறவினரைத் தேடியவருக்கு அக்காலத்தில் வீட்டு முகவரி ஒன்றும் உதவவில்லை. வீடுகளில் ஆள்கள் இல்லை. பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன், இன்ன ஊரார் என்று கேட்டவரே கண்டடைந்தனர். எங்கள் பகுதி மக்களுக்கு இப்பாடத்தை எவரும் ஏட்டில் எழுதிக் கற்பிக்க வேண்டியதில்லை.

பிகேஜி-கொன்ஃபிக் என்னும் கருவி செய்வதும் இதுவே. ‘ஹார்ஃப்பஸ் எங்கே?’ என்று பெயரால் கேட்டால், அந்தக் கணினியில் அதன் தலைப்புக் கோப்புகள் எங்குள்ளன, வேறெந்த நூலகங்களை அது சார்ந்துள்ளது என்று நூலகமே எழுதிவைத்த குறிப்பிலிருந்து விடை தரும். ஜிலிப்பின் இரண்டு இடங்களையும் அது மறவாமல் கூறும். சீமேக் என்னும் கருவி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஒரு நூலகத்தின் தேடற் பாதை அதனை ஆக்குவோருக்கு மட்டும் உரியதா, பயன்படுத்துவோருக்கு மட்டும் உரியதா, இருவர்க்கும் பொதுவா என்று மூவகையாகப் பிரித்து எழுத 2013ஆம் ஆண்டு முதல் அதில் இடமுண்டு. குறுக்குத் தொகுப்புக்கோ, இலக்குக் கணினியின் அடைவு மரம் முழுவதனையும் ஒரு வேரின் கீழ் வைத்து, ‘இவ்வேருக்கு அப்பால் தேடாதே’ என்று தொகுப்பானுக்குக் கூறும் ‘சிஸ்ரூட்’ தெரிவு உள்ளது.

எனவே என் கோரிக்கைகள் சிலவே. கட்டமைப்புக் கோப்பில் வட்டின் வேரிலிருந்து தொடங்கும் முகவரி ஒன்றேனும் இருத்தலாகாது. தன் தலைப்புக் கோப்புகளைத் தன் மென்பொருளின் பெயராலான அடைவில் வைத்து, அவ்வடைவின் பெயரையும் சேர்த்தே உள்ளடக்க வேண்டும். அவ்வாறு செய்திருந்தால், ‘கொன்ஃபிக்’ என்னும் ஊர்ப்பொதுப் பெயரால் என் ஊரின் பெயர் உடைந்திராது. பிறர் நூலகங்களைப் பெயரால் கேட்க வேண்டும். எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பதனைத் தொகுப்பானிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும், ஜி.சி.சி.யில் ‘எச்’ என்னும் பெரிய எழுத்துத் தெரிவு உள்ளடக்கிய ஒவ்வொரு கோப்பின் முகவரியையும் அச்சிடும். ‘வீ’ என்னும் சிறிய எழுத்துத் தெரிவு தேடிய அடைவுகளை வரிசையாகக் காட்டும். மைக்ரோசொஃப்ட் தொகுப்பானிலும் இதற்கு நிகரானது உண்டு. இவற்றைக் கற்க இரண்டு மணி நேர ஆய்வுகூட வகுப்புப் போதும்.

விரிவுரையாளர் பெருமக்களிடம் ஒன்று கேட்பேன். இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை மதிப்பிடும்போது, ஆக்கிய மாணவரின் கணினியில் அஃது ஓடுவதனைக் கண்டு புள்ளி வழங்காதீர்கள். மூல நிரலைப் பெற்று, அதனை எழுதாத வேறொரு மாணவரிடம் கொடுத்து, வேறொரு முறைமை உடைய கணினியில் தொகுக்கச் சொல்லுங்கள். ஆக்கியவர் அருகில் நின்று வாய்மொழியாக வழிகாட்டவும் அனுமதியாதீர்கள். தொகுபட்டால் அது மென்பொருள். இல்லையேல் அது காட்சிப்பொருள். இம்முறை கடுமையானது என்று மாணவர் முறையிடுவர். நானும் மாணவனாக இருந்தபோது என் வீட்டு முகவரியைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதிச் சமர்ப்பித்தவனே. நல்ல புள்ளியும் பெற்றேன். இன்று அந்நிரலை என்னாலேயே தொகுக்க முடியவில்லை. எனக்கு அன்று புள்ளி மறுத்திருந்தால் அது பேருதவியாக இருந்திருக்கும்.

வெருகலில் இன்று பாலம் இருக்கின்றது. மிதவைக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. பாலம் தானாக முளைக்கவில்லை. ஆற்றைக் கடக்க வேண்டியவர் தாம் மட்டும் அல்லர் என்று எவரோ எண்ணியமையால் அமைந்தது. நிரல் எழுதும் நண்பரே, உமது நிரல் உமது கணினியில் ஓடுகின்றது என்பது நீர் அக்கரை சேர்ந்துவிட்டீர் என்பதற்கே சான்று. பாதையை இக்கரைக்குத் திருப்பி அனுப்பும். உமக்குப் பின்னால் வருபவன் இன்னும் ஆற்றங்கரையில் நிற்கின்றான்.